இரண்டு ஷிப்டுக்கு நடுவே ஒரு வகுப்பு

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியின் முன்பக்க அறை ஒரு கோடை விடுமுறையில் இல்லாமல் போனது. ஒரகடம் போகிற சாலையை அகலப்படுத்த நட்ட அளவுக்கல் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தையும் தாண்டி உள்ளே வந்திருந்தது. பின்பக்கக் கட்டடம் தப்பியது. அதில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை நெருக்கி உட்கார வைத்தார்கள். முன்பக்க அறையில் இருந்தது நாங்கள். பேபி கிளாஸ் என்று ஊரில் சொல்வார்கள். ஒன்றாம் வகுப்பில் சேரும் வயது வராத பிள்ளைகள்.

அரசுக் கணக்கில் பேபி கிளாஸ் என்று ஒன்று கிடையாது. ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது எழுத்தாவது தெரிந்திருக்கட்டும் என்று பெற்றோர்களே சேர்ந்து, தலைமையாசிரியரின் சம்மதத்தோடு நடத்திவந்தார்கள். அதனால் இடிந்த அறைக்குப் பதிலாக இன்னொரு அறை கேட்க எங்களுக்கு வழியில்லை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜேசிபி சுவரைத் தள்ளியபோது அதில் வரைந்திருந்த யானைக்கு முதலில் தலை போனது, பிறகு வயிறு போனது என்பதுதான். அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். வருத்தம் எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை. ஜேசிபியை மறுபடி எப்போது பார்க்கலாம் என்று கேட்டேனாம்.

எங்களுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டீச்சர். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவருடைய கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் புதிதாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில், வரிசையாக இருந்த ஒற்றை அறைகளில் ஒன்றில், இருவரும் குடியிருந்தார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்தவர் என்பதால் ஊரில் கேட்டதும் ஒப்புக்கொண்டார். இன்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இப்போது எனக்கு ஆகும் வயதைவிட அப்போது அவருக்கு வயது குறைவு. இன்னொருவர் ஆயா. எங்களை வீடுவீடாக வந்து கூட்டிப்போவதும், மூக்கு துடைத்துவிடுவதும், டீச்சர் பேசுவதில் எங்களுக்குப் புரியாததை விளக்குவதும் அவர் வேலை. இந்த மூன்றாவது வேலைதான் அதிகம். டீச்சர் “ஏட்டி, அங்கன என்ன செய்யுத?” என்று கேட்டால் நாங்கள் விழிப்போம். ஆயா, “அங்க இன்னா பண்றன்னு கேக்கறாங்கோடி” என்பார்.

ஒரு மாதத்துக்குள் நாங்கள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டோம். நான் வீட்டில் அம்மாவை “ஏட்டி” என்று கூப்பிட்டு முதுகில் ஒன்று வாங்கினேன்.

பள்ளி திறந்த ஜூனில் எங்களைப் பால் சொசைட்டிக்கு அனுப்பினார்கள். காலையில் மாட்டுக்காரர்கள் பால் ஊற்றிவிட்டுப் போனதும் கேன்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பும். சொசைட்டிக்காரர் சிமெண்ட் தரையில் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார். அந்த ஈரம் காய்வதற்குள் நாங்கள் வந்துவிடுவோம். சாக்கு விரித்து உட்கார்ந்தாலும் ஈரம் ஏறும். எல்லோருடைய பாவாடையும் நிஜாரும் பின்பக்கம் நனைந்திருக்கும். புளித்த பால் வாசனை சட்டையிலேயே தங்கிவிடும். மதியம் பால் ஊற்ற மறுபடி ஆட்கள் வருவார்கள், சிலர் மாட்டையே ஓட்டிவந்து அங்கே கறந்து ஊற்றுவார்கள், அதற்குள் நாங்கள் எழுந்துவிட வேண்டும். சில நாட்கள் ஒரு மாடு சீக்கிரமே வந்து வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். டீச்சருக்கு மாடென்றால் பயம். ஆயா வந்து ஓட்டும்வரை பாடம் நின்றுவிடும்.

ஊரில் அந்த வருடம் நிலங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. மேய்க்க இடமில்லை என்று மாடுகளையும் ஒவ்வொருவராக விற்றார்கள். பால் ஊற்ற வருகிறவர்கள் குறையக் குறைய எங்கள் வகுப்பு நேரம் நீண்டது. கடைசியில் சொசைட்டியையே மூடிப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய பிறகு எங்களுக்கே விட்டுவிடுவார்கள் என்று டீச்சர் நினைத்தாராம். சாவி மேலதிகாரிகளோடு ஊரைவிட்டே போய்விட்டது.

அடுத்தது கன்டெய்னர். சாலை வேலை பார்த்த கான்ட்ராக்டர் சாமான் வைக்கக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் ஏரிக்கரையோரம் விட்டுவிட்டுப் போன இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்த முதல் நாள் எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சுவரைத் தட்டினால் டங் என்று சத்தம் வரும். டீச்சர் கரும்பலகையே தேவையில்லை என்று சுவரிலேயே சாக்பீஸால் எழுதினார். பத்து மணிக்குமேல் அந்தச் சுவரைத் தொட முடியாது. நாங்கள் நடுவில் ஒருவரையொருவர் ஒட்டி உட்காருவோம். வியர்வையில் சிலேட்டு வழுக்கும். ஆயா ஒரு ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் துடைத்துக்கொண்டே வருவார். கடைசி முகத்துக்கு வரும்போது முதல் முகம் மறுபடி காய்ந்திருக்கும்.

அங்கேதான் ஒருநாள் எனக்கு மூக்கில் ரத்தம் வந்தது. வலிக்கவில்லை. சிலேட்டில் சிவப்பாகச் சொட்டு விழுந்ததும் பக்கத்தில் இருந்த பெண் அலறினாள். டீச்சர் என்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“இன்னா டீச்சர், புள்ளைய படிக்க அனுப்புனா தகர டப்பால போட்டு வறுக்கறீங்களா?”

“நான் என்ன செய்யக்கா? எனக்கும் வேற எடம் தெரியலையே” என்றார் டீச்சர். அவர் சேலையில் தோள் பக்கம் முழுக்க என் ரத்தம்.

 அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். சேலையை அங்கேயே அலசிக் கொடுத்ததாகவும் ஞாபகம். மறுநாளிலிருந்து என்னை அனுப்பவில்லை. இரண்டு மூன்று வீடுகளில் பார்த்து அவர்களும் நிறுத்தினார்கள். பேபி கிளாஸ் அத்தோடு முடிந்துவிடும் போலிருந்தது.

என் அப்பா அப்போது கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்குமுன் டிராக்டர். உழ நிலம் குறைந்ததும் பெரிய வண்டிக்கு லைசென்ஸ் எடுத்து, மணிமங்கலத்தில் பஸ் வைத்திருந்த ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். விடியுமுன் முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ஒரகடத்தில் விடுவார். நைட் ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். அதற்குப்பிறகு மதியம் இரண்டாவது ஷிப்ட் வரைக்கும் வண்டி எங்கள் ஊர் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சும்மா நிற்கும். டீசலை யாராவது உறிஞ்சிவிடுவார்கள் என்று முதலாளி பயந்ததால் அப்பாவும் வண்டியைவிட்டு நகர மாட்டார். கடைசி சீட்டில் கால் நீட்டிப் படுத்துத் தூங்குவார்.

நான் வீட்டில் இருந்த அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அவர் அம்மாவிடம் சொன்னார்: “நம்ம வண்டி சொம்மாதான நின்னுகினு கீது. அதுல வச்சி நடத்தட்டுமே.”

“ஓனரு இன்னா சொல்லுவாரு?”

“வண்டி எங்க நிக்குதுன்னு கேப்பாரு. உள்ள இன்னா நடக்குதுன்னு கேக்கமாட்டாரு.”

மறுநாள் அம்மாவே லைன் வீட்டுக்குப் போய் டீச்சரிடம் சொன்னார். காலாண்டு விடுமுறை முடிந்ததும் எங்கள் வகுப்பு பஸ்ஸுக்கு மாறியது.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு அதை அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் பெரியவர்கள் முன்னால் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு. ஒம்போதரைக்குப் படுத்தா பன்னண்டுக்குத்தான் எழுந்துப்பேன். தூக்கம் இல்லாம என்னால வண்டி ஓட்ட முடியாது. புள்ளைங்க சத்தம் மட்டும் வேணாம்.”

“மூச்சுச் சத்தம்கூட வராது அண்ணாச்சி.”

அப்பா ஆயாவைப் பார்த்தார். “அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினு கீறேன்?”

“அவங்க ஊர்ல அண்ணன அப்டித்தான் கூப்புடுவாங்களாம். நீ போய்ப் படு” என்றார் ஆயா.

இப்படித்தான் நாங்கள் கிசுகிசுப்பாகப் படிக்கத் தொடங்கினோம். டீச்சர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியில் கரும்பலகையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதைக் குச்சியால் தொட்டு, வாயை நன்றாகத் திறந்து, சத்தமில்லாமல் “அம்மா” என்பார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து மூச்சுக்காற்றிலேயே “அம்மா” என்போம். “ஆடு” என்பார். காற்று “ஆடு” என்னும். பாட்டும் அப்படியேதான். கைகள் மட்டும் ஆடும். கைதட்டும் இடம் வந்தால் உள்ளங்கைகளைத் தொடாமல் நிறுத்துவோம். யாராவது மறந்து குரல் எழுப்பினால் டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார், குச்சியை உயர்த்திப் பின்சீட்டைக் காட்டுவார். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பும். அப்பாவின் பாதங்கள் மட்டும் சீட்டுக்கு வெளியே தெரியும். சில சமயம் அவர் குறட்டை பாடத்தைவிடச் சத்தமாக இருக்கும். சிரிப்பை அடக்க முடியாமல் பாவாடையை வாயில் அடைத்துக்கொள்வோம்.

அது என் அப்பாவின் பஸ் என்பதால் எனக்கு ஜன்னலோரம் உறுதி என்று நினைத்திருந்தேன். டீச்சர் அப்படியெல்லாம் தரவில்லை. தினமும் இடம் மாற்றி உட்கார வைத்தார். ஒரு சீட்டில் மூன்று பேர். கால்கள் தரையைத் தொடாது. சீட்டின் சாய்மானத்தில் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை இருக்கும். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் தலைசாய்த்துத் தூங்கிய இடம் அது.

அவர்கள் விட்டுப்போன சாமான்கள்தான் எங்கள் பாடச்சாமான்கள். மிஷின் சத்தத்துக்குக் காதில் அடைத்துக்கொள்ள அவர்களுக்கு மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன ஸ்பாஞ்சு உருண்டைகள் தருவார்கள். இறங்கும்போது அவை சீட்டுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும். ஆயா பெருக்கிக் குப்பையில் போடப்போனவற்றை டீச்சர் வாங்கிச் சோப்புத்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி ஒரு டப்பாவில் சேர்த்தார். நாங்கள் கூட்டல் கற்றது அவற்றில்தான். விரலால் அழுத்தினால் சப்பையாகி, விட்டால் மெல்ல மெல்லப் பழைய உருவத்துக்கு வரும். கணக்கைவிட அதைப் பார்ப்பதில்தான் எங்கள் நேரம் போகும்.

டீச்சரின் கணவரும் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தார். நைட் ஷிப்ட் வாரங்களில் அவர் காலையில் இறங்கி வீட்டுக்குப் போவார், டீச்சர் கரும்பலகையோடு எதிரே வருவார். இருவரும் வழியில் ஒரு நிமிஷம் நிற்பார்கள். சாவி கைமாறும். ஊரில் அதைக் கேலியாகப் பேசிக்கொண்டார்கள் என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

ஐப்பசி மழை தொடங்கியது. பஸ் ஒழுகவில்லை. பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கட்டடத்தில் ஓடு ஒழுகி ஒன்றாம் வகுப்புக்காரர்கள் மூலையில் ஒதுங்கி நிற்க, நாங்கள் கண்ணாடிக்குள் நனையாமல் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலில் படிந்த ஆவியில் விரலால் எழுதச் சொன்னார் டீச்சர். ஒரு பக்கம் முழுக்க ‘இ’, இன்னொரு பக்கம் முழுக்க ‘ஈ’.

அப்படி ஒரு நாள் காலையில் பெய்ய ஆரம்பித்த மழை நிற்கவே இல்லை. புளியமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கலைத் தாண்டி வழிந்தோடும் சத்தம் கேட்டது. அப்பாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து பேசினார். பேசி முடித்ததும் முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“டீச்சர், கம்பெனி உள்ள தண்ணி பூந்துகிச்சாம். லைன நிறுத்திட்டாங்களாம். ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆளுங்கள இப்பவே வூட்டுக்கு அனுப்பறாங்கோ. வண்டிய எடுத்துகினு வரச் சொல்றாங்க.”

டீச்சர் வெளியே பார்த்தார். பள்ளிக்கூடத்து மைதானம் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது.

“இந்த மழையில பிள்ளைகள எங்கன எறக்கி விட அண்ணாச்சி? வீட்ல ஆளும் இருக்க மாட்டாவளே.”

அது உண்மை. பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் படப்பைப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்கள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த என் அம்மாவும்தான்.

 ஆயாதான் சொன்னார்: “அப்போ அல்லாரும் போய்ட்டு வந்துடலாம். வண்டி எப்டியும் இங்கதான வரப்போவுது. புள்ளைங்களும் கம்பெனிய பாக்கட்டுமே.”

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஆயாவைப் பார்த்தார். பிறகு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். டீச்சர் அவசரமாகக் கரும்பலகையை அவிழ்த்துக் கீழே வைத்தார்.

வகுப்பு நகர ஆரம்பித்ததும் எங்களிடம் ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொருவரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புளியமரம் பின்னால் போனது, கன்டெய்னர் போனது, சொசைட்டியின் பூட்டிய கதவு போனது. சாலைக்கு வந்ததும் டீச்சர் நடுவில் நின்று, இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“பிள்ளைகளா, இன்னைக்கு அண்ணாச்சி முழிச்சிருக்காரு. சத்தமாச் சொல்லலாம். எங்க, ‘அம்மா’ சொல்லுங்க.”

நாங்கள் கிசுகிசுத்தோம்.

“சத்தமா!”

மறுபடியும் காற்றுதான் வந்தது. அந்த எழுத்துகளுக்குக் குரல் உண்டு என்பதே எங்களுக்கு மறந்திருந்தது. சிலர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாருமில்லை. ஆயா தன் இடத்திலிருந்து “அம்மா!” என்று ஒரு கத்து கத்தினார். அதைக் கேட்டு ஒரு பையன் “ஆடு!” என்றான். அதற்குப்பிறகு நிறுத்த முடியவில்லை. அ முதல் ஃ வரை கத்தினோம். மறுபடி முதலிலிருந்து கத்தினோம். கைதட்டும் பாட்டில் முதல்முறையாக உண்மையாகக் கைதட்டினோம். மழைச் சத்தம், இன்ஜின் சத்தம் எதுவும் கேட்காத அளவுக்குக் கத்தினோம். டீச்சர் ஆரம்பத்தில் சிரித்தார். பிறகு அவரும் எங்களோடு சேர்ந்து கத்தினார். அவர் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

சாலையில் பல இடங்களில் தண்ணீர் குறுக்கே ஓடியது. பஸ் அதில் இறங்கும்போது இரண்டு பக்கமும் இறக்கைபோலத் தண்ணீர் எழும். ஒவ்வொரு முறையும் “ஓ” என்று கூவினோம். அப்பா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பெனி என்பதை நான் பலமுறை கற்பனை செய்திருந்தேன். தினமும் அப்பா போகிற இடம் என்பதால் கோயில்போல ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். நேரில் அது நீளமான வெள்ளை ஷெட். சுவர் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவள், “டீச்சர், ஜன்னலே இல்ல” என்றாள். டீச்சரும் குனிந்து பார்த்து, “ஆமாட்டி, இல்ல” என்றார். அவரும் அன்றுதான் தன் கணவர் வேலை பார்க்கும் இடத்தை முதல்முதலாகப் பார்த்தார் என்று பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

கேட்டில் ரெயின்கோட் போட்ட செக்யூரிட்டி வந்து பஸ் கதவைத் திறந்தார். உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றார்.

“இன்னாய்யா இது?”

“ஸ்கூலு” என்றார் அப்பா.

செக்யூரிட்டி வேறு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நீலச் சட்டை போட்ட ஆட்கள் மழையில் ஓடிவந்து அவரைத் தள்ளிக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஏறியவர்கள் படியிலேயே நின்றதால் பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள். எல்லாச் சீட்டிலும் பிள்ளைகள். டீச்சர் சட்டென்று வகுப்பு எடுக்கும் குரலுக்கு மாறினார்.

“நிக்காதீங்க, உள்ள வாங்க. ஆளுக்கொரு பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. ஈரச்சட்டை மேல படாமப் பாத்துக்கோங்க.”

அவ்வளவு பெரிய ஆட்கள் அவர் சொன்னபடி செய்தார்கள். என்னை ஒரு அக்கா தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் பையிலிருந்து காலை டீக்குக் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து என் கையில் வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். பஸ் முழுக்க பிஸ்கட் வாசனை.

டீச்சரின் கணவர் கடைசியில் ஏறினார். தன் மனைவி பஸ்ஸின் நடுவில் நிற்பதைப் பார்த்ததும் படியிலேயே உறைந்துவிட்டார். டீச்சர் மற்றவர்களிடம் பேசிய அதே குரலில், “அப்படியே பின்னால போங்க” என்றார். அவரும் மறுபேச்சில்லாமல் போனார். யாரோ சிரித்தார்கள். எங்களுக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் நாங்களும் சிரித்தோம்.

திரும்பும் வழியில் ஒரு இளைஞர், மடியில் எங்கள் வகுப்புப் பையனோடு, டீச்சரிடம் கேட்டார்: “நீங்க ஏட்டின்னு கூப்பிட்டத கேட்டேன். எந்த ஊரு டீச்சர்?”

“நாங்குநேரிக்குப் பக்கம்.”

“நான் வள்ளியூரு.”

இரண்டு பேரும் ஏதேதோ ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பையன் மடியில் இருந்தபடியே தன் எழுத்தையெல்லாம் அவரிடம் சொல்லிக்காட்டினான். அவர் ஒவ்வொன்றுக்கும் “சரி, பெறவு?” என்றார். அவன் முடித்ததும், “எனக்கும் ஒரு தங்கச்சி பால்வாடிக்குப் போறா” என்றார். டீச்சர் “அப்படியா?” என்று கேட்டார். அவர் தலையாட்டினார்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அவர்களே எங்களை முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போய் அவரவர் வீட்டுத் தெருவில் விட்டார்கள். ஆயா முன்னால் நடந்து வழி காட்டினார். வேலைக்குப் போன அம்மாக்கள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் வாயிலிருந்துதான் அவர்கள் கேள்விப்பட்டார்கள். யாரும் முதலில் நம்பவில்லை.

செக்யூரிட்டி சொன்னாரா, வேறு யாரும் சொன்னார்களா தெரியாது. கம்பெனியிலிருந்து பஸ் முதலாளியிடம் கேட்டிருக்கிறார்கள், கம்பெனி வண்டியில் வெளியாட்கள் எப்படி என்று. முதலாளி நேரில் வந்து புளியமரத்தடியில் நின்று கத்தினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். வேலையைவிட்டு நிறுத்தவில்லை, ரூட்டை மாற்றினார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஆட்களை ஏற்றுகிற வண்டி. அது நிற்பதும் அங்கேயேதான். எங்கள் ஊர் வண்டிக்கு வேறு டிரைவர் வந்தார். அவர் கதவைப் பூட்டிவிட்டுத் தூங்குவார்.

“உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?” என்று அம்மா அப்பாவிடம் கேட்டார். நான் எட்டிப்பார்த்தபோது அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். 

வகுப்பு நிற்கவில்லை. லைன் வீட்டுக்காரர் காலியாக இருந்த ஒரு அறையைக் குடி வரும்வரை கொடுத்தார். குடி வந்ததும் அடுத்த காலி அறை. ஒருமுறை இரண்டும் நிரம்பிவிட, டீச்சர் தன் சொந்த அறையிலேயே கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களை உட்கார வைத்தார். ஸ்டவ்வில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. ஏப்ரலில் பேபி கிளாஸ் முடிந்தது. ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தோம். அங்கே இருந்த ஆசிரியை எங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இந்த வருஷம் வந்ததுங்களுக்கெல்லாம் தொண்டையே இல்லையா?” என்று தலைமையாசிரியரிடம் புகார் சொன்னார். எழுத்துகள் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

டீச்சரின் கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். போகும்போது டீச்சருக்கு ஏழாம் மாதம். அம்மா வளையல் போட்டு அனுப்பினார். அதற்குப்பிறகு பேபி கிளாஸ் நடத்த ஆள் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு நர்சரிப் பள்ளியின் வேன் ஊருக்குள் வர ஆரம்பித்தது. முடிந்தவர்கள் அதில் அனுப்பினார்கள். நான் மேல்வகுப்புக்குப் போன பிறகு எங்கள் பள்ளி வளாகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று புதுக் கட்டடம் வந்தது. மின்விசிறி, வண்ண வண்ண நாற்காலிகள். நான் அதற்குள் போனது ஒரே முறை, ஓட்டுப் போட.

இப்போது நானும் ஒரு தொழிற்சாலையில் பொருட்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார், கண் சரியில்லை. போன மழைக்காலத்தில் இரண்டு நாள் லீவு விட்டிருந்தபோது, நாங்கள் இருவரும் வீட்டில் இருந்தோம். அந்த பஸ் பயணத்தைப் பற்றி அவரிடம் நான் கேட்டதே இல்லை என்று தோன்றியது. கேட்டேன். நாங்கள் கத்தியது, தண்ணீர் இறக்கைபோல எழுந்தது, பிஸ்கட், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“அதெல்லாம் எனுக்குத் தெரியாதும்மா. பிரேக்குல தண்ணி பூந்து கால வச்சா புடிக்கல. கண்ணாடில ஒண்ணும் தெரில. ரோடு எங்க, பள்ளம் எங்கன்னு முன்னாடி போன லாரியோட லைட்ட பாத்துதான் போனேன். அவன் பள்ளத்துல உட்டிருந்தா நானும் உட்டிருப்பேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையே?”

“யார்கிட்ட சொல்றது? பின்னாடி அத்தினி புள்ளைங்க. டீச்சர் வேற பாடிகினு வராங்க.” டீவியைப் பார்த்தபடியே, “ஓனரு ரூட்ட மாத்தறேன்னு கத்தனப்போ, நல்லதாப் போச்சுன்னுதான் நெனச்சேன்” என்றார்.

“அப்போ எதுக்குப்பா கெளம்புன? முடியாதுன்னு சொல்லி இருக்கலாமே.”

“சொன்னா வேற டிரைவர அனுப்பி வண்டிய எடுத்துகினு போயிருப்பாங்க. நீங்க அந்த மழைல மரத்தடில நின்னுகினு இருந்திருப்பீங்க” என்றார். டீவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் எழுந்து உலை வைக்கப் போனேன்.